நிரவிய கிணறு

நீங்களும் பார்த்திருப்பீர்கள். கிணற்றை மூடுகிறவர்கள் அதற்குள் ஒரு குழாயை நட்டு, வாய் வெளியே தெரியும்படி விட்டுத்தான் மண்ணைத் தள்ளுவார்கள். கிணறு மூச்சுவிட வேண்டும். இல்லாவிட்டால் மூடினவன் வீட்டில் யாருக்காவது மூச்சு முட்டும் என்பது பேச்சு. ஜேசிபி ஓட்டும் சடையாண்டி அதை மறந்துபோனான். கருவேலத்தைப் பிடுங்கி, கிணற்றை நிரப்பி, மேலே செம்மண் பரப்பி, மனை முழுவதையும் நிரவிவிட்டு இறங்கியபோது குழாய் வேலியோரம் கிடந்தது. அவன் மகளுக்கு ஏற்கெனவே இளைப்பு. காலையில் கான்கிரீட் போட வருகிறார்கள்.

நிலம் தோசைக்கல் மாதிரி கிடந்தது. கிணறு எங்கே இருந்ததென்று அவனுக்கே தெரியவில்லை.

"நீயே நெரவிட்டு நீயே தேடுறியாக்கும்?" என்று சிரித்தார் மேஸ்திரி.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் குருவம்மாளைக் கூட்டிவந்தான். அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்தவள்.

"தொவைக்கிற கல்லும் இல்ல, மரமும் இல்ல. எதை வச்சுடா சொல்லுவேன்?"

பிறகு தன் வாசலுக்கே திரும்பிப் போய் நின்றாள். அங்கிருந்து கண்ணை மூடிக்கொண்டு, இடுப்பில் குடம் இருப்பதுபோல ஒருபக்கம் சாய்ந்து நடந்து வந்தாள். ஓரிடத்தில் நின்று குனிந்தாள். இல்லாத கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுக்கத் தொடங்கினாள்.

"இங்கதானாக்கா? போதும், எடம் தெரிஞ்சிருச்சு. தள்ளிக்கோ."

"இருடா. வாளி பாதிக் கெணத்துல நிக்குது. விட்டுட்டு எப்படிடா வாறது?"

குழாயை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சடையாண்டி காத்து நின்றான்.