ஐந்து வைத்தால் பத்து

“பின்னால் ஆயிரம் கோபுரம் நிற்கட்டும், நூறு அணைக்கட்டு இரையட்டும். முனையில் நின்று பார்ப்பவனுக்கு எல்லாம் ஒன்றுதான். ஒரு மின்மூலம், அதற்குள் ஒரு தடை. தெவெனின் கண்ட மகா உண்மை இது!”

தூக்கிய கையை இறக்காமல் நின்றார்.

திரையில் ஒன்றும் வரவில்லை. சுவிட்ச் போடவில்லை.

போட்டார்.

பேராசிரியர் பதவிக்கான நேர்முகம். எதிரே தேர்வுக் குழுவினர் மூன்று பேர். இணைப் பேராசிரியராகவே தலை நரைத்தவருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த மே மாதம் ஓய்வு.

மேஜையில் மின் அலை எழுப்பும் புத்தம்புது சிக்னல் ஜெனரேட்டர். அதிலிருந்து ஒரு பெரிய சுருள் கேபிள். கேபிளின் மறுமுனை, வரும் அலையை அளந்து திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில்.

ஜெனரேட்டரில் ஐந்து வோல்ட் வைத்தார்.

திரை பத்து காட்டியது.

“அஞ்சுதானே சார் வச்சீங்க?” என்றார் குழுத் தலைவர்.

“மெஷின் கோளாறு சார். இப்பல்லாம் எவன் ஒழுங்கா செய்யறான்?”

சொல்லி வாய் மூடவில்லை, உறைத்துவிட்டது.

மெஷினுக்குள்ளும் ஒரு தடை உண்டு. கேபிள் முனையில் அதே அளவு தடையை மாட்டினால் பாதி உள்ளேயே நின்றுவிடும், பாதி வெளியே வரும். அந்த வெளிப் பாதியைத்தான் மெஷின் ஐந்து என்கிறது. மாட்டாவிட்டால்? போன அலை, வாங்க ஆளில்லாமல் முட்டித் திரும்பும். முனையில் முழுசும் நிற்கும்.

பத்து.

வருடா வருடம் அவர் நடத்தும் பாடமே இதுதான்.

மாட்ட வேண்டிய குட்டித் தடை சட்டைப்பையில் கிடந்தது, பேனாவுக்குப் பக்கத்தில்.

எடுத்து மாட்டலாம். மாட்டினால் ஐந்து வரும். கோளாறு யாருக்கு என்ற கேள்வியும் கூடவே வரும்.

குழுவின் ஓரத்தில் இருந்த மதுரவல்லி மேடம் அந்தச் சட்டைப்பையையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

தலைவர் முந்திக்கொண்டார். “எங்க காலேஜ்லயும் இதே தொல்லைதான் சார். டபுள் டபுளா காட்டுது. மூணு மெஷினைத் திருப்பி அனுப்பிட்டேன்ல!”

மேடம் தண்ணீர் குடித்தார்.

இவர் தலைவரைப் பார்த்து மெல்லக் குனிந்தார். “நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்.”

பதவி கிடைத்தது.

மறுநாள் பேராசிரியர், நன்றாக இருந்த அந்த மெஷினைத் தானே தூக்கிக்கொண்டு போய் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.