தம்பி ஓட்டின படகு

“என் தம்பிங்கிறதுக்காகப் பாவம் பார்க்காதீங்க சார். சட்டம் என்ன சொல்லுதோ அதை அப்படியே செய்யுங்க.”

மீன்வளத் துறையின் விசாரணை அறையில் அக்கா எழுந்து நின்று இப்படிச் சொன்னதும் அதிகாரியே ஃபைலிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

எதிரே தம்பி தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்திலேயே அவனுடைய முதலாளி, நாலு விசைப்படகுக்குச் சொந்தக்காரர்.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? கரையை ஒட்டி மீன் குஞ்சு பொரிக்கிற இடம் இருக்கிறது. பெரிய படகு எதுவும் அங்கே போகக் கூடாது. ஆனால் முதலாளியின் படகுகள் போகும், குஞ்சும் குட்டியுமாக அடியோடு வாரிக்கொண்டு வரும். மாட்டிக்கொண்டால் அபராதத்தை டீக்காசு மாதிரி விட்டெறிந்துவிட்டு, மனுஷன் சிரித்துக்கொண்டே போவார். சின்னப் படகில் போகிற அக்காவின் புருஷனோ வெறும் வலையோடு திரும்பி வருவார்.

“அபராதம் எல்லாம் இவங்களுக்கு உறைக்காது. படகோட உரிமத்துலயே கை வைங்க!” என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவள் அக்காதான். ஒருவழியாகப் புதுச் சட்டம் வந்தது. தடை செய்த இடத்தில் மீன் பிடித்தால் படகின் உரிமம் ரத்து. எந்தத் துறைமுகத்திலும் அதற்கு இடம் கிடையாது. அது கொண்டுவரும் மீனை யாரும் வாங்கவும் கூடாது.

அந்தச் சட்டத்தில் முதன்முதலாக மாட்டிய படகின் மேல் சின்னப் படகுக்காரர்கள் சார்பில் புகார் கொடுத்தவளும் அக்காதான். ஆனால் அந்தப் படகை ஓட்டினது யார்? கூடப்பிறந்த தம்பி! இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

“ஏம்மா, கொஞ்சம் யோசிச்சுப் பாரு” என்று முதலாளி குழைந்தார். “படகு நின்னா உன் தம்பி பொழப்பும்தான் போகும். ரெண்டு பிள்ளைங்களை வெச்சிருக்கான். புகாரை வாபஸ் வாங்கிடு. டேய், நீயே உங்க அக்காகிட்டக் கேளுடா!”

தம்பி தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டான்.

'கேட்கக்கூட மூஞ்சி இல்லை பார்' என்று அக்கா மனசுக்குள் கறுவினாள்.

“வாபஸ் வாங்குற பேச்சே கிடையாது. இன்னைக்கு என் தம்பின்னு விட்டா நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஒரு தம்பியைக் கூட்டிக்கிட்டு வருவான்” என்றாள்.

அதிகாரி தம்பியைப் பார்த்தார். “நீ என்னப்பா சொல்றே?”

“நான்தான் ஓட்டினேன் சார். தப்புதான்.”

அவ்வளவுதான், முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். “கேட்டீங்களா சார்? இவனா இஷ்டத்துக்குப் போயிருக்கான். எனக்கு ஒண்ணுமே தெரியாது. இவன் லைசென்ஸைப் பிடுங்கிக்கோங்க, என் படகை விட்டுடுங்க.”

“அது எப்படிங்க? யார் ஓட்டினாலும் உரிமம் போறது படகுக்குத்தான்” என்றார் அதிகாரி. “படகு எங்கே இருக்குன்னு காட்டுற கருவியை ஒவ்வொரு படகுலயும் மாட்டியிருக்கோம். உங்க படகு தடை செஞ்ச இடத்துக்குள்ள நின்னது இங்கே திரையில பளிச்சுனு தெரிஞ்சுது. உடனே எங்க ஆளுங்க போய், வலையை இறக்கிக்கிட்டு இருக்கும்போதே கையும் களவுமாப் பிடிச்சாங்க.”

முதலாளிக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. தம்பி பக்கம் திரும்பி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

“மடையா! அந்தக் கருவியை அணைச்சுட்டுப் போடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா! மத்த மூணு படகையும் ஓட்டுறவங்களுக்கு இருக்குற புத்தி உனக்கு...”

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். என்ன பிரயோஜனம்? அறை மொத்தமும் கேட்டுவிட்டதே!

“ஓஹோ, நாலு படகுலயும் இதே கதைதானா? ரொம்ப நல்லது” என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

நாலு படகின் உரிமமும் ரத்து. தம்பியின் லைசென்ஸும் போனது.

முதலாளி யார் யாரையோ போனில் கூப்பிட்டுக் கத்திக்கொண்டே வெளியேறினார்.

அக்கா ஜெயித்துவிட்டாள். ஆனாலும் தம்பியின் பிள்ளைகள் கண்முன்னால் வந்து நின்றார்கள். நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே வந்த தம்பியைப் பார்த்ததும் பொறுக்க முடியவில்லை.

“அந்த ஆள் பேசினதுல ஒண்ணே ஒண்ணுதான்டா நிஜம். நீ மடையன்! திருடப் போறவன் அந்தக் கருவியையாவது அணைச்சுட்டுப் போக மாட்டான்?”

முதலாளியின் கார் தெருமுனை திரும்பும்வரை தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அணைச்சுட்டுத்தான் கிளம்பினேன், அக்கா. நான் வேலையை விட்டுட்டா மட்டும் என்ன, அவர் வேற ஆளை வெச்சு ஓட்டுவார். படகு நிக்கணுமே! அதான், மீன் பொரிக்கிற இடத்துக்குள்ள போனதும் யாருக்கும் தெரியாம நானே அந்தக் கருவியை மறுபடியும் போட்டுட்டேன்.”