இருட்டுக்கு ஒரு லென்ஸ்

“இதுவும் உதவாது சுரேந்தர். எடுத்து உள்ளே வை.”

கிங்ஸ்லி மூன்றாவது லென்ஸையும் கழற்றிக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றது. மைசூர் சயாஜி ராவ் ரோட்டில் மத்தியானம் தாண்டியதுமே வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு ஓடின.

“அண்ணா, ஸ்வல்ப நிதானமா பாருங்க,” என்றான் கடைக்காரன் சுரேந்தர். “வேற கம்பெனி லென்ஸ்தான். ஆனா தூரத்தையும் இழுக்கும், இருட்டுலயும் எடுக்கும். கை நடுங்கினாலும் படம் ஆடாது. எதிர்ல பூக்காரம்மாவ எடுத்தீங்களே, மூக்குத்திகூடப் பளிச்சுன்னு விழுந்திருக்கே!”

“மூக்குத்தியா? அந்தம்மாவே புகைக்குள்ள உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. விக்கிறவன் நீ, அப்படித்தான் சொல்லுவ.”

சுரேந்தரின் முகம் சுண்டிப்போயிற்று. கிங்ஸ்லிக்கே அது கஷ்டமாக இருந்தது. ஆனால் இன்று மனசைப் பார்க்கிற நிலையில் அவர் இல்லை.

சாயங்காலம் ரொனால்ட் மகளுக்குச் சர்ச்சில் கல்யாணம். ஃப்ளாஷ் போடக் கூடாது, பீடத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்று ஃபாதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைசி வரிசையில் நின்றுகொண்டு, அந்த மங்கிய வெளிச்சத்தில், மோதிரம் மாற்றுகிற விரல்களை எடுக்க வேண்டும்.

போன கல்யாணம் அவர் பெயரையே கெடுத்துவிட்டது. பழைய லென்ஸில் படமெல்லாம் மங்கலாக விழுந்திருக்கிறதே என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெளிச்சத்தைக் கூட்டினார். ஆல்பத்தைப் பிரித்த பெண்ணின் அம்மா, “எம் பொண்ணு மூஞ்சிக்குச் சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கீங்களே!” என்று கூடத்தில் உட்கார்ந்து அழுதாள்.

சேதி ஊருக்குள் பரவிற்று. அதற்குப் பிறகு அவரைக் கூப்பிட ஆளில்லை. கூடப் படித்த பாவத்துக்கு ரொனால்ட் மட்டும், “நீதாண்டா எடுக்கணும், வேற யாரு இருக்கா?” என்றான். அவன் மகள் முகத்திலும் சுண்ணாம்பு அடித்துவிட்டு எப்படி அவனை ஏறிட்டுப் பார்ப்பது?

“சுரேந்தர், கேமரா கம்பெனியோட ஒரிஜினல் லென்ஸ் ஒண்ணு வச்சிருக்கேல்ல? அதைக் குடு. வாங்கப் போறதில்ல. ஒரே ஒரு படம்.”

விலை கேட்கவே பயந்து எத்தனையோ தடவை தாண்டிப் போன லென்ஸ் அது. பூக்காரம்மாவைக் குறி பார்த்து அழுத்தினார். திரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

அதே மங்கல். அதே புகை.

கிங்ஸ்லி அப்படியே ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தார். அப்படியானால் லென்ஸ் இல்லை, கேமராவேதான் போயிருக்கிறது. புதுக் கேமராவுக்கு அவர் எங்கே போவார்? சோறு போட்ட பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சுரேந்தர் பார்க்காதபடி முகத்தைத் துடைத்தார்.

அப்போதுதான் மனைவி சில்வியா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். இரண்டு பேருமாகக் கல்யாணத்துக்குப் போவதாகப் பேச்சு. பட்டுப்புடவை கட்டியிருந்தாலும் நைட் ட்யூட்டி பார்த்த நர்ஸின் அசதி முகத்தில் இருந்தது.

“என்னங்க, ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?”

“ரொனால்டுக்குப் போன் போட்டுச் சொல்லிடு சில்வி. வேற ஆளைப் பாக்கட்டும். என்னால முடியாது.”

அவள் பதறாமல் கேமராவை வாங்கிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். “நல்லாத்தானே இருக்கு?”

“நீயுமா?” அவர் குரல் உடைந்தது. “ஆறுதல் சொல்றதா நினைச்சு ரெண்டு பேரும் என்னைக் கொல்லாதீங்க. நாலு லென்ஸ் மாத்திப் பார்த்தாச்சு. எல்லாம் ஒரே புகை.”

சில்வியா அவர் முகவாயைப் பிடித்து மேஜை விளக்குப் பக்கம் திருப்பினாள். மாதக்கணக்காக அவள் வரும்போது அவர் தூங்குவார், அவர் எழும்போது அவள் தூங்குவாள். இத்தனை கிட்டத்தில் முகம் பார்த்து வெகுநாளாகிறது. அழுததைக் கண்டுபிடித்துவிட்டாளோ என்று கிங்ஸ்லி கூசிப்போனார்.

“எழுந்திரிங்க,” என்றாள் மெதுவாக. “பழைய லென்ஸையே மாட்டிக்கிட்டு வாங்க. கேமரா என்ன வெளிச்சம் காட்டுதோ அதுலயே எடுங்க. நீங்களா எதையும் கூட்டாதீங்க. பொண்ணு அழகா விழுவா.”

“அப்ப லென்ஸ்?”

“மாத்தணும்தான். அடுத்த வாரம் மாத்திடலாம்.”

சுரேந்தருக்கு உயிர் வந்தது. “இதுல எதை எடுத்து வைக்கட்டும்க்கா?”

“பேடாப்பா, எதுவும் வேண்டாம்.”

“இவன் கடையை விட்டா மைசூர்ல வேற எந்தக் கடைக்குப் போறது?” என்று எரிச்சலோடு கேட்டார் கிங்ஸ்லி.

சில்வியா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“கடைக்கு இல்லங்க, எங்க ஆஸ்பத்திரிக்கு. உங்க ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்திருக்கு.”