பயப்படும் காட்சி

ஏழாவது தடவையும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

டைரக்டர் தாடியைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காட்சி சின்னதுதான். கொடுமைக்கார டீச்சர் பிரம்போடு வகுப்புக்குள் நுழைவாள். பத்தாம் வகுப்புப் பெண்கள் நாற்பது பேரும் பயந்து உறைய வேண்டும். ஆனால் டீச்சராக நடிக்க மெட்ராஸிலிருந்து வந்த நடிகை காலையிலிருந்து இந்தப் பிள்ளைகளோடு ஐந்தாங்கல் ஆடியவள். அவள் பிரம்பை ஓங்கினதுமே காரைக்கால்மேட்டுப் பெண்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொள்வார்கள். பின்னாலேயே வகுப்பு முழுக்கக் கொல்லென்று சிரிக்கும்.

கணக்கு டீச்சர் ஞானசௌந்தரி தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரெஞ்சுக்காரன் காலத்து உயரமான ஜன்னல்கள் பிடித்துப்போய்த்தான் இந்தப் பள்ளிக்கு வந்தார்களாம். படப்பிடிப்பைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை அவளிடம் விட்டிருந்தார்கள். கவனித்துக்கொள்ளப் பட்டுச்சேலை தேவையில்லைதான். இருந்தாலும் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டியிருந்தாள். சினிமாக்காரர்கள் யாரை எப்போது கூப்பிடுவார்கள் என்று யார் கண்டது?

கதை மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அடி தாங்காமல், யாரோடும் பேசாமல், ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்துவிடுகிற பெண்ணைப் பற்றிய படம். யதார்த்தப் படம் என்றார்கள். முதல் நாளே டைரக்டரிடம் சொல்லிவிட்டாள். பத்தொன்பது வருஷமாக வாத்தியார் வேலை பார்க்கிறேன், பிரம்பைக் கையால் தொட்டதில்லை, நீங்கள் காட்டுகிற மாதிரி டீச்சர் எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்டாள். அவர் பணிவாகத் தலையாட்டினார்.

எட்டாவது தடவை. மறுபடியும் சிரிப்பு.

பள்ளியின் மானம் போகிறதே என்றுதான் ஞானசௌந்தரி உள்ளே நுழைந்தாள். இரண்டு எட்டு வைத்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள், அவ்வளவுதான்.

கரண்ட் போனால் ஃபேன் சத்தம் அடங்குமே, அப்படி அடங்கியது வகுப்பு.

ரிப்பனைச் சரிசெய்துகொண்டிருந்தவளின் கை பின்னலிலேயே நின்றது. காரைக்கால்மேட்டுப் பெண்களின் சிரிப்பு பாதி உதட்டில் காய்ந்துபோயிற்று. நாற்பது பேரும் பெஞ்சுக்குக் கீழே கைகளை இழுத்துக்கொண்டார்கள்.

கேமராவை யாரும் நிறுத்தியிருக்கவில்லை.

டைரக்டர் ஓடி வந்து கும்பிட்டார். "மேடம், இதை எப்படி வரவச்சீங்க?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லாம் பழக்கம்தான் என்று அடக்கமாகச் சொன்னாள். மறுநாள் ஆசிரியர் அறையில் பிரெஞ்சு டீச்சர் மார்கெரித்திடம், இனிமேல் எனக்கு மெட்ராஸிலிருந்து கடிதமாக வந்து குவியும் பாருங்கள் என்று பாதி வேடிக்கையாகச் சொன்னாள். மீதிப் பாதி மார்கெரித்துக்குத் தெரியும்.

கடிதம் வரவில்லை. மறுவருஷம் படம் வந்தது.

வாரப் பத்திரிகை ஒன்றில், வகுப்பறைக் காட்சியில் பேர் தெரியாத ஒரு மாணவியின் நடிப்பு நெஞ்சை உலுக்குகிறது என்று எழுதியிருந்தார்கள். அச்சுப்பிழை என்று ஞானசௌந்தரிக்குத் தோன்றியது. பழக்கதோஷத்தில் மாணவி என்பதை அடித்து, சிவப்பு மையால் ஆசிரியை என்று திருத்திவைத்தாள்.

காரைக்கால் தியேட்டரில் மூன்றே நாள்தான் ஓடியது. முதல் நாள் பகல் ஆட்டத்துக்கே மார்கெரித்தையும் இன்னும் நாலு டீச்சர்களையும் இழுத்துக்கொண்டு போனாள். அதே அரக்குப் பட்டு. ஜனங்கள் அடையாளம் கண்டுகொள்ள வசதியாக இருக்கட்டுமே என்று.

திரையில் அவள் முகமே வரவில்லை. ஒரு தோள்பட்டை, கொஞ்சம் ஜரிகை, கண்ணாடியைப் பிடித்த ஒரு கை. தன் சினிமா வாழ்க்கை இடைவேளைக்கு முன்பே தொடங்கி முடிந்துவிட்டதை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

அப்புறம் பிள்ளைகளின் முகங்கள் வந்தன.

ஒவ்வொன்றாக, நிதானமாக. பின்னணியில் இசைகூட இல்லை. கடைசியில் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் ஒருத்தி. மற்றவர்கள் பயந்து அசையாமல் இருந்தார்கள். இவள் மட்டும் இடது காதைக் கையால் மூடிக்கொண்டு, இன்னும் விழாத அடிக்குத் தோதாகத் தலையைச் சாய்த்து வைத்திருந்தாள்.

தியேட்டரில் யாரோ சூள் கொட்டினார்கள்.

மார்கெரித் திரையைப் பார்த்தாள். திரும்பி ஞானசௌந்தரியைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள். படம் முடிகிறவரை அது கிடைக்கவில்லை.

கோட்டுச்சேரி பஸ்ஸில் ஞானசௌந்தரி எல்லோரையும் சிரிக்கவைத்தாள். தன் தோள்பட்டைக்கு டெல்லியில் விருது கொடுக்கப்போகிறார்களாம், வாங்கிக்கொள்ள வலது தோளை மட்டும் அனுப்பினால் போதுமாம். நாலு டீச்சர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மார்கெரித் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தவள் சேலையைக்கூட மாற்றவில்லை. நேரே அடுப்படிக்குப் போனாள்.

மூன்றாவது பெஞ்சுக்காரி அரிவாள்மணையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஞானசௌந்தரி விளையாட்டாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "காதைப் பொத்திக்கன்னு அந்த டைரக்டர் சொன்னாரா?"

மகள் காயை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"இல்லைங்க டீச்சர்."

வீட்டில் அம்மா என்றே கூப்பிடலாம் என்று அவளுக்கு எத்தனையோ தடவை சொல்லியாயிற்று.