பதினாறு வரை

சுரங்க ரயில் நிலையத்தின் நடைபாதையில் அவர்கள் மூவரும் வாசிக்கும் அந்தப் பாட்டின் நடுவே, கிதார், பேஸ், குரல் எல்லாம் ஒன்றாக நின்றுவிடும். பதினாறு எண்ணும் நேரம் அன்ரன் தனியாக டிரம்ஸ் அடித்த இடம் அது. அவனுக்கு வதிவிட அனுமதி மறுத்து ஊருக்கு விமானம் ஏற்றி அனுப்பி ஒன்றரை வருடமாகிறது. போய் இறங்கியவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வேறு ஆள் வேண்டாம், அவன் வரும்வரை அந்த இடம் அப்படியே கிடக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் பேஸ் வாசிக்கும் தர்சிகாதான். பாட்டு முடிந்ததென்று நினைத்து ஜனங்கள் கைதட்டிவிட்டு நடையைக் கட்டுவார்கள். அவள் காலால் பதினாறையும் தட்டி முடிக்கும்போது மிச்சப் பாட்டைக் கேட்க ஆளிருக்காது.

நேற்று மாலை பாட்டு முடிந்தபோது கூட்டம் கலையாமல் நின்றது. இன்னொன்று பாடச் சொல்லிக்கூடக் கேட்டார்கள். பாடகன் நிரோஜன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவளிடம் குனிந்தான்.

"நீ நடுவில நிப்பாட்டேல்லை, தர்சி. அதான் நாங்களும் நிக்காமப் போயிட்டம்."

அவள் பதினாறை எண்ணத் தவறிய தன் காலைக் குனிந்து பார்த்தாள்.

"திரும்ப முதல்ல இருந்து வாசிப்பம்."

"சனம் நிக்குது. வேற பாட்டுப் பாடுவமே?"

"இதைத்தான் வாசிக்கோணும்."

வாசித்தார்கள். அந்த இடத்தில் நிறுத்தினார்கள். ஜனங்கள் கைதட்டிவிட்டுப் போனார்கள். பதினாறு முடிந்ததும் நிரோஜன் பாட வாயெடுத்தான். அவள் விரல்கள் தந்தியைத் தொடவில்லை. கால் மட்டும் பதினேழு, பதினெட்டு என்று தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.