ரப்பர் இல்லாத பம்ப்

“அந்த ரப்பரைத் தூக்கிப் போட்டுட்டு, பம்ப்பை நேரா தகட்டோட வச்சு முடுக்குங்கண்ணே.”

பக்கத்தில் நின்றவர் இப்படிச் சொன்னதும், காருக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. டேங்க்கை ஒட்டி, டிரைவர் சீட்டின் பின்பக்கத் தகட்டில் கரண்ட் பெட்ரோல் பம்ப்பைப் பொருத்திக்கொண்டிருந்தார். அதிர்வு தெரியாமலிருக்க நடுவில் ரப்பர் வைப்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

“சார், ரப்பர் இல்லன்னா சீட்டே டக்கு டக்குன்னு அதிரும். அதிர அதிர நட்டு தளரும். பெட்ரோல் கசிஞ்சா, ஓட்டுறவங்க முதுகுலதான் தீ.”

“ரெட்டை நட்டு போடுங்க. நான் சொன்னபடி செய்யுங்க.”

ஓட்டப்போவது, இப்படிச் சொன்னவரின் மனைவி. அந்தப் பழைய ரேஸ் காரில், மதியம் மலைப்பாதைப் பந்தயம். ஏற்கெனவே சீட்டில் உட்கார்ந்து, கையுறையின் பட்டையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“போன ரெண்டு பந்தயத்துலயும் கிளம்புற இடத்துலயே வண்டி ஆஃப். இன்னிக்கும் அப்படி ஆச்சுன்னா வித்துடுறேன்னு சொல்லிட்டா” என்றார் கணவர்.

ஓஹோ, கதை அப்படிப் போகிறதா! பெண்டாட்டி தோற்க வேண்டும், வண்டி கைமாற வேண்டும். அதற்கு இப்படியா? மெக்கானிக்கின் ஸ்பேனர் நழுவி, ஜாக்கின் மேல் கணீரென்று விழுந்தது. கணவர் துள்ளி விலகினார். அவளோ கையுறையிலேயே கண்ணாக இருந்தாள். இவ்வளவு நெஞ்சுரம் உள்ளவளுக்கு வாய்த்த புருஷனைப் பார் என்று வயிறெரிந்தது.

ரெட்டை நட்டு போட்டு முடுக்கினார். மூன்று தடவை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

கணவர் பானெட்டை மூடப் போன சமயம் பார்த்து, காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து, அவள் தோளுக்குப் பின்னால் குனிந்தார்.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் பேச்சு சரியில்ல. இந்த வண்டியை எடுக்காதீங்க.”

அவள் திரும்பக்கூட இல்லை.

“அம்மா, உங்களைத்தான்!”

அதற்குள் கணவர் வந்துவிட்டார். “சாவியைக் குடுங்க, நேரமாச்சு.”

மெக்கானிக் சட்டைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “தரமாட்டேன்! கார்புரேட்டர்ல பெட்ரோல் நிரம்புற வரைக்கும் பம்ப் வேகமா அடிக்கும், நிரம்பினா மெதுவாயிடும். அதுக்கப்புறம்தான் இன்ஜினைக் கிளப்பணும், இல்லன்னா ஆஃப் ஆயிடும். அந்தச் சத்தம் ரப்பர் வச்சாலும் கேக்குமே! சீட்டு எதுக்குய்யா அதிரணும்?”

அப்போதுதான் நிமிர்ந்த அவள், இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கணவர் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். “யாரும் பாவம் பாக்கக் கூடாதுன்னு, வெளியே சொல்ல விடமாட்டா” என்றார்.

“அவளுக்குக் காது கேக்காதுண்ணே.”