ஐந்தரை மணிச் செய்தி

"போன வருஷம் இறந்துபோனாரே, அவர் இன்னும் வேலை செஞ்சிட்டிருக்கார் சார்."

மேலாளர் நிமிர்ந்தார். சர்வர் அறைக்குப் புதிதாக வந்திருந்தவன் திரையைத் திருப்பிக் காட்டினான். இறந்தவரின் பெயரில் ஒரு புரோகிராம் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

"கையால தொடங்கி, பின்னணிக்குத் தள்ளிட்டுப் போயிருக்கார். விண்டோவை மூடினாலும் நிக்காது. நாமளா நிறுத்தினாத்தான் உண்டு."

"நிறுத்திடு. அவர் பேர்ல எதுவும் ஓடக் கூடாதுன்னு மேலிடத்துக்கு மூணு தடவை எழுதிட்டாங்களாம்."

'கில்' என்று அடித்து, பக்கத்தில் அந்தப் புரோகிராமின் எண்ணைப் போட்டு, என்டரைத் தட்டினான். அவ்வளவுதான்.

மறுநாள் காலை, மிச்சத்தை அழிக்குமுன் கோப்பைத் திறந்து பார்த்தான். பத்துப் பதினைந்து வரிகள்தான். வேலை நாட்களில் மாலை ஐந்தரைக்கு, ஒரே ஒரு போன் எண்ணுக்கு, அவர் பெயரில் ஒரு குறுஞ்செய்தி: 'கிளம்பிட்டேன்.' எண்ணுக்குப் பக்கத்தில் 'வீடு' என்று எழுதியிருந்தது.

வேலை மும்முரத்தில் சொல்ல மறந்துவிடுவோம் என்று செய்து வைத்திருக்கிறார் மனுஷன். ஆள் போன பிறகும் அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரே வார்த்தை. அதையும் ஒரு விரலால் நிறுத்தியாயிற்று. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவன், அப்படியே மூடி வைத்தான்.

மாலைக்குள் அந்தப் புரோகிராமை சர்வீஸாகவே பதிவு செய்தான். இனி மெஷினை அணைத்துப் போட்டாலும் தானாக எழும். யாராவது 'கில்' அடித்தாலும் ஐந்து நொடியில் மறுபடி ஓடும். மேலாளரிடம் மூச்சு விடவில்லை. ஐந்தரைக்குச் செய்தி போனதைப் பார்த்த பிறகுதான் பையைத் தூக்கினான்.

புதன்கிழமை காலை, இறந்தவரின் மனைவி வரவேற்பறையில் காத்திருப்பதாகச் சொன்னார்கள். ஓடினான். அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சிடுங்க மேடம்," அவனே முந்திக்கொண்டான். "தெரியாம நான்தான் நிறுத்திட்டேன். திங்கட்கிழமை ஒருநாள் வந்திருக்காது. நேத்தே சரி பண்ணிட்டேன். இனிமே யார் நினைச்சாலும் நிக்காது."

அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"நிறுத்தச் சொல்லி எழுதினதே நான்தாங்க. அவர் பேர்ல வர்றதை நானே தடுக்க எனக்குக் கை வரல."

அவர் கைப்பையிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்தார்.

"அந்த மெசேஜ் சத்தம் கேட்டா, அப்பா வர்றார்னு சின்னவ வாசல்ல போய் நின்னுக்குவா. திங்கட்கிழமை ஒருநாள்தாங்க அவ நிக்கல."